பலாப்பலகையும் பால்டின் பெட்டியும்

1932 ஜூலையில் தம்புசாமிக்கு நாற்பத்து மூன்று வயது. மலாய் நாட்டின் பிரிக்பீல்ட்ஸில் அவரோடு பேச்சு வைத்துக்கொண்டவர்கள் அப்போது மூன்றே பேர்: தேநீர்க்கடைக்காரர், தபால்காரர், மனைவி வீரம்மா. முதல் இருவருக்கும் அது தொழில். வீரம்மாவுக்கு வேறு வழியில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1907இல் அவர் கப்பலேறியதற்கே ஒரு சண்டைதான் காரணம். அண்ணன்மார் இருவரோடும் ஒரு கதவுநிலையைப் பற்றித் தகராறு. கடைசியில் நிலையைப் பெயர்த்துத் தெருவில் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ரயில்வே பட்டறையில் பயணிகள் பெட்டிகளுக்குத் தேக்குச் சட்டம் பூட்டும் தச்சராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மேஸ்திரி இழைத்த சட்டத்தை மேஸ்திரியின் முழங்காலிலேயே வைத்து ஒடித்துக் காட்டுகிறவரை யார் விரும்புவார்கள்? ரப்பரும் ஈயமும் விலை சரிந்து ஆட்குறைப்பு வந்தபோது முதல் தொகுதியிலேயே அவர் வெளியேறினார். யாரும் அவருக்காக வாய் திறக்கவில்லை.

ரயில்வே கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் போயிற்று. கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு பலகைக் கொட்டகையில் குடியேறி, ஹார்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டுவது, உடைந்த பிடிலின் வயிற்றைப் பொருத்துவது என்று காலம் தள்ளினார்.

அங்கேதான் பெனிட்டோ வந்தார். பிலிப்பைன் நாட்டுக்காரர், மலாய் நாடகங்களுக்கும் கலியாணங்களுக்கும் கிதார் வாசிப்பவர். அவருடைய சீமைக் கிதாரின் முதுகு இந்த ஊர் ஈரத்தில் பசை விட்டு வாயைப் பிளந்திருந்தது. தம்புசாமி ஒட்டிக் கொடுத்தும் இரண்டாவது முறை அது பிளந்தபோது பெனிட்டோ மலாயில் கேட்டார்: “இந்த ஊர் மரத்திலேயே ஒன்று செய்வாயா? நன்றாக இருந்தால் என் கூட்டாளிகள் ஐந்து பேரும் உன்னிடமே வாங்குவார்கள்.”

வீரம்மா இதைக் கேட்டுக்கொண்டே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பெனிட்டோ போனதும் சொன்னாள்.

“இந்தாங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க. வேலையில்லாதவங்களுக்கு சர்க்கார்ல ஊருக்குக் கப்பல் சும்மா விடறாங்க. நம்ம பேரையும் குடுத்துட்டேன். அடுத்த மாசம் மொத வெள்ளி, போர்ட் சுவெட்டன்ஹாம்ல ஏறணும்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“அரிசிப் பானையைக் கேட்டுக் குடுத்தேன். இந்த வேலை நெலைச்சா இருப்போம். நெலைக்கலேன்னா கப்பல்.”

“அங்க போயி என் அண்ணனுங்க மூஞ்சில முழிக்கவா? ஆத்துல குதிச்சுருவேன்.”

“முழங்கால் ஆழங்கூட இல்ல அந்த ஆத்துல” என்றாள் வீரம்மா.

தம்புசாமிக்கு மரம் தேட வேண்டியிருக்கவில்லை. கிள்ளானில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது வந்த பலாமர உத்தரம் ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தார். நன்றாகக் காய்ந்து, மஞ்சள் முற்றிப் பழுப்பாகியிருந்த மரம். அவருடைய கணக்கு எளிது: வீணைக்குப் பலா, மிருதங்கத்துக்குப் பலா, தவிலுக்கும் பலா, கிதாருக்கு மட்டும் வேறென்ன? வீணைக்குக் குடமும் மேல்பலகையும் ஒரே மரம் என்பதால் கிதாருக்கும் முதுகு, விலா, முகம் எல்லாவற்றையும் பலாவிலேயே அறுத்தார். விரல் பலகைக்கு மட்டும் கெட்டியான மெர்பாவ் என்னும் காட்டுமரம். முகத்தை வீணை அளவுக்கே தடிமனாக விட்டார்.

அந்த வாரம் வல்லிபுரம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சரக்கு இறங்கும் ரயில்வே குட்ஸ் ஷெட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. குமாஸ்தாக்களின் தந்தி வாத்தியக் குழு ஒன்றை நடத்திவந்தார். அதற்குப் பாடம் சொல்பவரும் பெனிட்டோதான். வல்லிபுரத்துக்கும் தம்புசாமிக்கும் பழைய பகை. பட்டறையில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழு ஒத்திகை பார்க்கும் நேரமாகப் பார்த்துத் தம்புசாமி பக்கத்து குவார்ட்டர்ஸில் இழைப்புளி தள்ளுவார். வல்லிபுரம் மேலிடத்தில் புகார் செய்தார். தம்புசாமி அடுத்த ஞாயிறு இழைப்புளியோடு சுத்தியலையும் எடுத்தார்.

கொட்டகை வாசலில் நின்று வல்லிபுரம் மூக்கைத் தடவினார்.

“என்ன காணும், கிதார் செய்யிறீராம். நானும் பாப்பம் எண்டு வந்தன்.”

“பாத்தாச்சுல்ல? கெளம்புங்க கிராணியாரே.”

“பொறும். முகத்துக்கும் பலாவோ போடுறீர்? விசர் வேலை. பின்னுக்கு ஈட்டி மரம், முன்னுக்கு ஸ்புரூஸ், அதுதான் முறை. ஸ்புரூஸ் இல்லையெண்டால் பைன் எண்டாலும் போடவேணும். முகம் எண்டால் மெல்லிசா, லேசா இருக்கவேணும். இது கதவு.”

“வீணை கதவா?”

“வீணையைக் கலியாண வீட்டிலை பத்துப் பேர் சத்தம் போடேக்கை வாசிச்சுப் பாரும்.”

தம்புசாமி மரம் செதுக்கும் வாய்ச்சியைக் கையில் எடுத்தார். ஓங்கவில்லை, எடுத்தார் அவ்வளவுதான். வல்லிபுரம் இரண்டடி பின்வாங்கி, தெருவில் நின்றுகொண்டு பேச்சை முடித்தார்: “கட்டில் செய்யிறவன் கட்டில் செய்யவேணும்!”

அவர் போனபின் தம்புசாமி முகப்பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். வீரம்மா உலையை இறக்கிவிட்டு வந்து நின்றாள்.

“அவரு சொல்றது சரிதானோ?”

“சரியோ தப்போ, அந்தாளு சொல்லி நான் செய்யணுமா?”

“நான் அதைக் கேக்கல. சரியான்னு கேட்டேன்.”

அவர் பலாமுகத்தைப் பசை போட்டு ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது பெனிட்டோ வாசித்துப் பார்க்க வந்தார். கூடவே, அழைக்காமலே, வல்லிபுரமும் அவர் குழுவில் இருவரும் வந்தார்கள். பார்ப்பதற்குக் கிதார் அழகாகத்தான் இருந்தது. பொன் நிறம், மூட்டு எங்கும் நகம் நுழையாது. பெனிட்டோ தந்தியை மீட்டினார். மீட்டியது அவருக்கு மட்டும் கேட்டது. அழுத்தி மீட்டினார். மூட்டைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் வந்தது சத்தம்.

குழுவில் ஒருவர் சொன்னார்: “அண்ணை, உள்ளுக்கை ஆரும் நித்திரையோ?”

வல்லிபுரம் சிரிப்பை அடக்கவே முயலவில்லை. “நான் சொன்னேனே காணும், கதவு எண்டு. தட்டிப் பாரும், ஆராவது திறப்பினம்!”

பெனிட்டோ சிரிக்கவில்லை. கிதாரைத் திருப்பி முதுகில் தட்டினார். “பிளாக்காங் பாகுஸ்” என்றார்; பின்பக்கம் நன்று என்று பொருள். முகத்தில் தட்டினார். “மூக்கா மாத்தி.” முகம் செத்துவிட்டது. தன் ஊரிலும் கிதார் முதுகுக்கு இதே மரத்தைத்தான் போடுவார்கள், முகத்துக்குப் போடமாட்டார்கள் என்றும் சொன்னார். அடுத்த புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

புதனுக்கு ஒரு வாரம் இருந்தது. முதல் இரண்டு நாளும் தம்புசாமி ஒரு உளியையும் தொடவில்லை. தேநீர்க்கடைக்காரரோடும் சண்டை பிடித்துவிட்டு வந்தார். வீரம்மா கப்பல் பயணத்துக்காகப் பாசார் சந்தையிலிருந்து ஒரு மரப்பெட்டி வாங்கிவந்தாள். சீமையிலிருந்து பால்டின்கள் அடைத்து வந்த பெட்டி. வெளுத்த பைன் மரம். புடவைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் அதில் அடுக்கினாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது, பாத்திரங்கள் தரையில் கிடந்தன. புடவைகள் கொடியில் தொங்கின. தம்புசாமி பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, என் பொட்டி! யோவ், எதுக்குய்யா ஒடைக்கிற?”

“கணு இல்லாத பலகை இதுல நாலு இருக்கு.”

“அப்ப அந்தக் கிராணியாரு சொன்னதத்தானே செய்யப் போறே?”

“வாயை மூடு.”

“மூடமாட்டேன். அன்னிக்கே செஞ்சிருந்தா ஊரு சிரிச்சிருக்குமா? தெரிஞ்சுக்கிட்டே தப்பாச் செய்யற ஆளை இப்பத்தான் பாக்கறேன். ஒனக்குக் கிதாரு பெருசில்ல, அந்தாளு தோக்கணும்.”

“ஆமா” என்றார் தம்புசாமி. அந்த வீட்டில் அவர் எதையும் ஒப்புக்கொண்டு வீரம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் தரையில் கிடந்த பாத்திரங்களை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு பசைச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

சூடு காட்டிய கத்தியால் பலாமுகத்தை அவர் பெயர்த்து எடுத்தார். பெட்டிப் பலகை குறுகல். நான்கைப் பக்கவாட்டில் ஒட்டித்தான் ஒரு முகம் தேறியது. வளைத்தால் வளையும் அளவுக்கு இழைத்தார். அவ்வளவு மெல்லியது தந்தி இழுப்புக்கு உட்கார்ந்துவிடும் என்பதால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்தார். பெனிட்டோவின் சீமைக் கிதாருக்கு முதுகு ஒட்டியபோது அதனுள் பார்த்த சட்டங்கள்தான். மீதி நாட்கள் முழுக்க அவர் திட்டிக்கொண்டே வேலை செய்தார்: பைனை, பாலை, சீமையை, கிராணிகளை.

புதன்கிழமை பெனிட்டோ மீட்டியபோது ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெனிட்டோ அரைமணி நேரம் கிதாரைக் கீழே வைக்கவில்லை. எடுத்துக்கொண்டே போய்விட்டார். போகும்போது, கூட்டாளிகளுக்கு இன்னும் ஐந்து வேண்டும், ஆனால் இதே முகம், இதே முதுகு, மாறக்கூடாது என்றார்.

முதுகுக்கு உத்தரம் இருந்தது. முகத்துக்கு எங்கே போவது? பாசாரில் பெட்டிகள் தனித்தனியாகத்தான் கிடைக்கும், அதுவும் கணுவும் வெடிப்புமாக. உடைந்த பெட்டிகள் குவியலாகக் கிடப்பது ஒரே இடத்தில். ரயில்வே குட்ஸ் ஷெட். அவற்றை விறகுக்குக் கழித்து விடுபவர் வல்லிபுரம்.

“நாளான்னிக்குக் கப்பல்” என்றாள் வீரம்மா. “இப்பச் சொல்லுங்க, மூட்டை கட்டவா வேணாமா? பொட்டிதான் இல்ல, துணியிலயாவது கட்டணும்.”

தம்புசாமி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குட்ஸ் ஷெட்டில் சுமைக்காரர்கள் ஒரு வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வல்லிபுரம் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். தூக்கியதும் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“என்ன வேணும்?”

“பலகை.”

“என்ன பலகை?”

“பைன் பலகை. ஒடஞ்ச பொட்டி.”

“எதுக்கு? கட்டிலுக்கோ?”

சுமைக்காரர்களில் இருவர் மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

“கிதாருக்கு. முகத்துக்கு.”

“முகத்துக்குப் பைன் போடவேணும் எண்டு ஆர் சொன்னது?”

தம்புசாமி திரும்பி வாசலைப் பார்த்தார். அப்புறம் மேசையைப் பார்த்தார்.

“நீங்க.”

“விளங்கேல்லை. சத்தமாச் சொல்லும்.”

“நீங்கதான்யா சொன்னீங்க! பைன் போடணும்னு நீங்க சொன்னீங்க, நான் கேக்கல, என் கிதாரு செத்துச்சு! போதுமா?”

ஷெட் முழுக்கக் கேட்டது. வல்லிபுரம் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்தவர்போல் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு குரலை இறக்கினார்.

“என்ரை கிதாருக்கும் முதுகு வெடிச்சுப் போச்சு. உம்மட பலா எண்டால் நிக்கும் எண்டு பெனிட்டோ சொல்லுறார். ஒண்டு போட்டுத் தாரும்.”

“மாட்டேன்.”

“பலகை வேணாமோ?”

“பலகைக்குத்தான் வாயைத் தொறந்து சொல்லியாச்சே. நூறு பேரு கேட்டாங்க. முதுகுக்கு வேற ஆளைப் பாருங்க.”

வல்லிபுரம் வாய்க்குள் ஏதோ திட்டினார். பிறகு சுமைக்காரர்கள் பக்கம் திரும்பி, மூலையில் கிடக்கும் உடைந்த பெட்டிகளில் நல்லதாக ஒரு வண்டி பிரித்து வைக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து புறப்பட்டது. தம்புசாமியும் வீரம்மாவும் அதில் ஏறவில்லை. சனிக்கிழமை காலை ஒரு மாட்டுவண்டி வந்து கொட்டகை வாசலில் பலகைகளை இறக்கிவிட்டுப் போயிற்று.