சீவின் வியாழக்கிழமைப் பூட்டு

ஸ்வீடனில் எங்கள் வெஸ்தெரோஸ் நகரத்தில் ஒருவன் அடுத்தவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடினால்கூடப் பத்து வருஷத்தில் மறந்துவிடுவார்கள். அடுத்தவர் சலவை நேரத்தில் கை வைத்தவனைச் செத்தாலும் மறக்க மாட்டார்கள்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. வாசலில் ஒரு பலகை, அதில் தேதிக்கும் நேரத்துக்கும் தனித்தனித் துளை. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு. துளையில் செருகிச் சாவியைத் திருப்பிவிட்டால் அந்த நான்கு மணி நேரம் உங்களுடையது. மன்னரே அழுக்கு மூட்டையோடு வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். சீவ் ஓகெர்பிளாடின் பதினான்காம் எண் பூட்டு 1974இல் வியாழக்கிழமை மாலை நாலு முதல் எட்டு வரைக்கான துளையில் ஏறியது. ஒவ்வொரு வாரமும் துவைத்து முடித்ததும் அடுத்த வியாழனுக்கு மாற்றிவிட்டுத்தான் படியேறுவாள். மகளைப் பெற்ற வாரத்தில்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, பூட்டை எந்தத் துளைக்கு மாற்ற வேண்டும் என்று கணவனுக்குப் படம் போட்டுக் கொடுத்து அனுப்பியவள் அவள்.

அந்தப் பூட்டைத்தான் அவளுடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அதே கணவன் தூக்கிக் கொடுத்துவிட்டான். அன்பினால் கொடுத்தான் என்பதுதான் கொடுமை.

கணவன் ரூனே, மோட்டார் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். சுற்றுகிற எதையும் நம்புவான். சுற்றாத எதிலும், மனைவி உட்பட, ஏதோ கோளாறு என்று நினைப்பான். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவனுக்கு ஒரே வசனம்: "இது உனக்கு நேரத்த மிச்சம் பண்ணும், சீவ்."

கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவுவது இரண்டு பேர் வேலையாக இருந்தது. அவள் கழுவுவாள், அவன் துடைப்பான். ரூனேவுக்கு வாயே கிடையாது என்று அவன் வேலை செய்த இடத்தில் சொல்வார்கள். ஆனால் கையில் ஈரத்தட்டும் துணியும் இருந்து, எதிரே ஜன்னலும் இருந்தால் அவன் பேசுவான். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் அல்லவா? குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்த அப்பாவை எட்டு வயதில் சறுக்குவண்டியில் கிடத்தி வீட்டுக்கு இழுத்து வந்த கதையை, சூப் சட்டியைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னான். சட்டி காய்ந்து பளபளத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அரை மணி நேரத்துக்காகவே சீவ் சில நாள் தேவையில்லாத தட்டுகளையும் எடுத்து அழுக்காக்குவாள்.

1983இல் பாத்திரம் கழுவும் மெஷின் வந்தது. தினமும் அரை மணி நேரம் மிச்சம். மிச்சமான அரை மணியில் ரூனே பேப்பர் படித்தான். அதற்கப்புறம் பாத்திரங்களைப் பற்றி அவன் பேசியது ஒன்றே ஒன்றுதான், அவள் அடுக்கியது தப்பு. அவள் அடுக்கிவிட்டு நகர்ந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி தன் இஷ்டப்படி அடுக்குவான்.

"தண்ணி கீழேர்ந்து வருது, சீவ். கோப்பைய இப்படியா வைப்பாங்க?"

முப்பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் தண்ணீர் கீழேயிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது.

பிறகு மைக்ரோவேவ். மூன்று பேர் மூன்று நேரத்தில் மூன்று தட்டைச் சூடாக்கிக்கொண்டு மூன்று மூலைக்குப் போனார்கள். சாப்பாட்டு மேசை, வந்த தபாலைப் போட்டு வைக்கிற இடமாயிற்று. பிறகு கம்பியில்லாத தொலைபேசி. அதுவரை தொலைபேசி நடைக்கூடத்தில் முக்காலிமேல் இருந்தது. மகள் ஆன்னெலி யாரோடு சண்டை, யாரோடு ராசி என்பதெல்லாம் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதே சீவின் காதில் விழுந்துவிடும். கம்பி போனதும் ஆன்னெலி அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒருவனோடு யேதபோரி நகரத்தில் குடித்தனம் வைக்கப் போகிறாள் என்பது, அவள் பெட்டி கட்டிய அன்றுதான் தாய்க்குத் தெரிந்தது. இப்போது ஞாயிறுதோறும் திரையில் வருகிறாள். பெரும்பாலும் நெற்றி மட்டும் வருகிறது.

தரை பெருக்கும் ரோபோவும் வந்தது. ரூனே அதற்கு ஸ்டூரே என்று பெயர் வைத்தான். "சபாஷ் ஸ்டூரே, சோபாவுக்கு அடியில போ ராஜா," என்று அதன் பின்னாலேயே நடப்பான். இத்தனை வருஷத்தில் சீவ் ஒருநாள்கூட அவன் வாயால் ராஜாத்தி ஆகவில்லை.

ரூனேயின் கை படாமல் தப்பியது வியாழக்கிழமை ஒன்றுதான்.

துணிகளை மெஷின் துவைத்துவிடும். ஆனால் படுக்கை விரிப்பை இழுத்தாக வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, சுருக்கம் போக மூலைவாட்டில் இழுக்க வேண்டும். பிறகு மடித்து, நடந்து கிட்டே வந்து, முனையை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. ஆரம்பத்தில் ரூனே இறங்கி வந்து இழுத்தான். சலவை அறைக்கு உலர்த்தும் மெஷின் வந்ததும், "இனிமே இழுக்கவே வேணாம்," என்று நின்றுவிட்டான். அன்றிலிருந்து மறுமுனை மூன்றாம் மாடி குன்னெலுடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், இரண்டு புருஷனை விவாகரத்து செய்தவள், எந்தப் பேச்சுக்கும் பிரேக் போடாதவள்.

"இந்த வாரம் என்னடி வாங்கினான் உன் ஆளு?"

"முட்டை அவிக்கிற மெஷின்."

"தண்ணில போட்டா வேகாதாமா?"

"வேகும். ஆனா வெந்துடுச்சுன்னு போன்ல சொல்லாதாம்."

"ரெண்டு பேர வெரட்டினேன் நான். ஒருத்தன்கூட முட்டைய நம்பாம இருந்ததில்ல. நல்லா இழுடி."

அப்படி இழுத்துக்கொண்டே நாற்பது வருஷத்துக் கதையும் பேசியாயிற்று. மார்பில் கட்டி என்று மருத்துவர் சொன்னபோது சீவ் அதை முதலில் சொன்னது குன்னெலிடம்தான், பூப்போட்ட ஒரு விரிப்பின் இந்த முனையில் நின்றபடி. கட்டியை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். ரூனேயிடம் ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். அதற்குள் அவன் பேப்பரைக் கீழே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. சொல்வதற்கு வீட்டில் இடம்தான் இல்லை.

சலவை அறைச் சுவர் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சண்டை போட மாட்டோம். சீட்டு எழுதி ஒட்டுவோம். சீட்டில் பெயர் இருக்காது, கையெழுத்து யாருடையது என்று கட்டடத்துக்கே தெரியும். இருந்ததிலேயே பழையதும் கடுமையானதும் சீவ் 1989இல் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது. "பிறர் நேரத்தில் உள்ளே வர வேண்டாம். ஐந்து நிமிஷம் என்றாலும் கூடாது." அதற்குப் பயந்து ஒரு தலைமுறையே மறந்து விட்டுப்போன சொந்தக் காலுறையை எடுக்க வராமல் இருந்திருக்கிறது.

பிறந்தநாளுக்கு, மார்சிபன் என்கிற பச்சைப் பாதாம் பசை போர்த்திய கேக் வெட்டினார்கள். ஆன்னெலி இந்த முறை நேரிலேயே, முழு முகத்தோடு வந்திருந்தாள். ரூனே எல்லோரையும் குளியலறை வாசலுக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்தான். உள்ளே சிவப்பு நாடா கட்டிய ஒரு மெஷின் நின்றது.

"துவைக்கும், காயவும் வைக்கும். முடிஞ்சுட்டா பாட்டுப் பாடும்," என்றான். "இனிமே நீ கீழ எறங்கவே வேணாம், சீவ். பூட்டையும் குடியிருப்புச் சங்கத்துல குடுத்துட்டேன். முப்பத்தொண்ணாம் வீட்டுப் பையன் வியாழக்கிழமை கெடைக்குமான்னு காத்துக்கிட்டிருந்தான், அவனுக்குப் போயிருச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். குன்னெல் மட்டும் கேக் தட்டைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பூட்டை?" என்றாள் சீவ்.

"உன் பூட்டத்தான். நாப்பத்தெட்டு வருஷம் கீழயும் மேலயும் அலைஞ்சது போதும். வியாழக்கிழமை இனி வீட்டுலயே இருக்கலாம், என்கூட."

"நன்றி," என்றாள் சீவ். எங்கள் ஊரில் தலையில் கல் விழுந்தால்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் மயக்கம் போடுவோம்.

"அம்மா, அப்பாவுக்கு எவ்ளோ அக்கறை பாத்தியா?" என்றாள் ஆன்னெலி. சீவ் அவளுக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் சங்கத்தில் கேட்டுப் பார்த்தாள். வீட்டில் சொந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பூட்டு கிடையாதாம், விதி அப்படியாம். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கால் தானாகவே கீழே இறங்கியது. கையில் ஒரே ஒரு விரிப்பு. பலகையில் அவளுடைய துளையில் முப்பத்தொன்றாம் எண் பூட்டு தொங்கியது. உள்ளே அந்தப் பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கறுப்புச் சட்டைகளாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த ஒரு விரிப்புத்தான் தம்பி. அஞ்சு நிமிஷம்."

பையன் காதில் இருந்ததைக் கழற்றினான். நல்ல பையன், முகமெல்லாம் சிவந்துவிட்டது. வாயால் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரைக் காட்டினான். விரலுக்கு நேரே, பிளாஸ்டிக் உறைக்குள், அவளுடைய கையெழுத்து.

"தப்பா எடுத்துக்காதீங்க. எழுதி ஒட்டியிருக்கு, அதான்."

"தப்பே இல்ல. எவளோ சரியாத்தான் எழுதி வச்சிருக்கா," என்றாள் சீவ். அவனுக்கும் நன்றி சொன்னாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பூட்டுக்காகவா ஒருத்தி அழுவாள் என்று கேட்பவர்களுக்குச் சொந்தமாக ஒரு வியாழக்கிழமை இருந்திருக்காது.

அடுத்த வியாழன் நாலு மணிக்கு, வீட்டுக் குளியலறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "வியாழன் மாலை 4 – 8, ரூனேயின் சலவை நேரம். பிறர் உள்ளே வர வேண்டாம்."

"இது என்ன, சீவ்?" என்றான் ரூனே.

"உன் மெஷின், உன் நேரம். சூப்பு அடுப்புல இருக்கு." காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு குன்னெல் வீட்டுக்குப் படியேறிப் போனாள்.

ஏழரை மணிக்குக் குன்னெல் வீட்டு மணி அடித்தது. சீவ்தான் போய்க் கதவைத் திறந்தாள். ரூனே நின்றான். தோளில் விரிப்பு, பிழிந்த கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"பாட்டுப் பாடிருச்சு. ஆனா இப்படி வந்திருக்கு," என்றான். "அந்த முனையப் பிடிக்க ஆள் வேணும்."

"எட்டு மணி வரைக்கும் இது எங்க நேரம்."

"அஞ்சு நிமிஷம்தான், சீவ்."

"அஞ்சு நிமிஷம்னாலும் கூடாது."

ரூனே போகவில்லை. விரிப்பை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான். "அப்ப நம்ம நேரம்னு ஒண்ணு எப்ப?" என்றான்.

"சாப்பிட்டதுக்கப்புறம் அரை மணி இருந்துச்சு. அந்தப் பூட்ட எண்பத்து மூணுலயே நீதான் கழட்டிக் குடுத்த. நேரம் மிச்சமாகும்னு."

தண்ணீர் கீழேயிருந்துதான் வருகிறது என்றுகூட அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. திரும்பி இறங்கினான். விரிப்பின் ஒரு முனை படிப்படியாக இழுபட்டுக்கொண்டே போனது.

"பாவம்டி. ரொம்பப் போட்டுட்ட," என்றாள் உள்ளேயிருந்து குன்னெல்.

"பாவந்தான்," என்று சீவ் வந்து உட்கார்ந்தாள். சொன்னதில் அவளுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. மீதிக் காபியைக் குடிக்க முடியவில்லை. ஆனாலும் எட்டு அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது பாத்திரம் கழுவும் மெஷின் வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடந்தது. உள்ளே இருந்ததெல்லாம் தொட்டிக்குள் இருந்தது, சூப் சட்டியோடு. வெந்நீரும் சோப்பும் நிரப்பியிருந்தான். ரூனே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றான்.

"மெஷின் ரிப்பேரா?"

"இல்ல."

"பின்ன?"

"நீ கழுவு."

சீவ் சட்டைக் கையை மடக்கிவிட்டாள். இரண்டு தட்டு, மூன்று கோப்பை, எல்லாம் கை மாறின. சூப் சட்டியைத் தேய்த்து அலசி நீட்டினாள். அவன் வாங்கித் துடைக்க ஆரம்பித்தான்.

"மாடிப்படியில குன்னெல் ஒருநாள் என்னைக் கட்டிப் பிடிச்சா," என்றான் ஜன்னலிடம். "ஒண்ணுமே சொல்லல. எதுக்குன்னு தெரியாம நின்னேன். ஆறு நாள் கழிச்சு நீ கட்டியப் பத்திச் சொன்னப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது, எதுக்குன்னு."

சீவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் இதை எத்தனை வருஷம் வைத்திருந்தான் என்று எண்ணிப் பார்த்தாள். பதினேழு.

"ஏன் கேக்கல நீ?"

"எங்க நின்னு கேக்கிறது?" என்றான் ரூனே. சட்டி எப்போதோ காய்ந்துவிட்டது. அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.