டாக்டர் ஹாலிஸுக்கு ஞாபகம் இல்லை

அமெரிக்காவில், ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊரில் வெள்ளைக்காரர்கள் பாதிப் பேருக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவள் லூட்டி பாஸ்கம். கணவன் மர ஆலையில் செத்துப்போனபின் தம்பி எஸலை வளர்த்ததும் அந்த வேலையில்தான். யார் வீட்டுக்குப் போனாலும் கறுப்பர்களுக்குப் பின்வாசல்தான். அதற்கு அவள் பழகிப்போயிருந்தாள். பிடித்திருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஒரு சாயங்காலம் ஊரின் பருத்தி ஆலை தீப்பிடித்து எரிந்தது. கூலியைக் குறைத்ததற்காக முதலாளியிடம் வாக்குவாதம் செய்திருந்தவன் எஸல். பழியை அவன்மேல் போட அது போதுமாக இருந்தது. மறுநாள், காய்ச்சல்கூட விடாத உடம்போடு அவனை ஷெரிப் இழுத்துப் போனார். ஆலை எரிந்தபோது அவன் நெஞ்சுச் சளியோடு படுக்கையில் முனகிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவனைச் சோதித்தவர் டாக்டர் ஹாலிஸ், வெள்ளைக்காரர்.

சாட்சிக் கூண்டில் நின்ற லூட்டியைப் பார்த்து அரசாங்க வக்கீல் சிரித்தார்.

"லூட்டி, தம்பின்னா உனக்கு உயிராமே? அவனுக்காக ஒரு பொய் சொல்ல மாட்டியா?"

"பொய்க்கு அவசியமே இல்லீங்கய்யா. டாக்டரய்யாவைக் கேளுங்க. அப்ப எங்க வீட்டுலதான் இருந்தாரு."

"உன் வீட்டுலயா? விருந்துக்கா?"

கீழே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீதிபதியும் சிரிப்பை அடக்கவில்லை. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய மாடியில் நெருக்கியடித்து நின்றவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டார்கள். பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அவர் போட்டிருந்த சட்டை லூட்டி கஞ்சி போட்டுத் தேய்த்தது.

"அன்னிக்கு நிறைய பேரைப் பார்த்தேன். இவனைப் பார்த்ததா ஞாபகம் இல்லை," என்றார்.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்கள். கைதிகளை வேலை வாங்கும் சிறைப்பண்ணையில் எஸலுக்கு இருபது வருஷம். கோர்ட்டே அவனுக்கு வைத்துக்கொடுத்த வக்கீல் தொப்பியை எடுத்துக்கொண்டே, "உயிர் தப்பிச்சுதே, சந்தோஷப்படு," என்றார்.

லூட்டி நேரே வீட்டுக்குப் போய், வெளுக்காமல் கிடந்த டாக்டர் வீட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு முன்வாசலில் ஏறிக் கதவைத் தட்டினாள். டாக்டரின் மனைவி திறந்தாள்.

"என்ன லூட்டி இது? பின்னாடி வா."

"டாக்டரய்யாவைக் கூப்பிடுங்கம்மா."

அவர் வந்தார். லூட்டி அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே, அதுவும் ஞாபகம் இல்லையா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இந்த ஊர்லதான் பொழைக்கணும், லூட்டி. புரிஞ்சுக்கோ."

"நானும் இதே ஊர்லதான் பொழைக்கிறேன். சத்தியம் பண்ணிட்டு நெசத்தைத்தான் சொன்னேன்."

மூட்டையை அவர் காலடியில் போட்டாள். "இனிமே உங்க துணியை நான் தொடமாட்டேன்."

அந்த வாரமே எல்லா வீட்டு வேலையும் போயிற்று. ஜன்னலில் கல் விழுந்தது. சிறைப்பண்ணைக்குப் பக்கத்து ஊருக்குக் குடிபோய், மீன் ஆலையில் வேலை தேடிக்கொண்டாள். எஸலைப் பார்க்க விட்ட நாளெல்லாம் சோளரொட்டி சுட்டு எடுத்துப் போனாள். நாலாவது குளிர்காலத்தில் எஸல் அதே நெஞ்சுச் சளியில் செத்தான். காவலர்களிடம் மல்லுக்கட்டி உடலை வாங்கி வந்து புதைத்தாள்.

ரொம்ப காலத்துக்குப் பிறகு, "அந்த டாக்டரை மன்னிச்சிடக் கூடாதா?" என்று பாதிரியார் கேட்டார்.

"மொதல்ல அவர் வந்து கேக்கட்டும், பாஸ்டர்," என்றாள் லூட்டி.

அவர் கடைசிவரை வரவில்லை. அவளும் மன்னிக்கவில்லை.