இருபத்துநான்கு மில்லிமீற்றர் புல்

1. கடிதம்

இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் ஆடும் ஒரு கழகத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் ஒன்று வந்தது. ஆடுகளத்தைப் பற்றி அதில் மூன்றே வரிகள். புல்லின் உயரம் இருபத்துநான்கு மில்லிமீற்றராக இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்க இருபது நிமிடங்களுக்கு முன் களம் முழுவதும் நீர் தெளிக்கப்பட வேண்டும். கோடுகள் பிசகாமல் இருக்க வேண்டும். அவர்களுடனான நட்பு ஆட்டத்துக்கு ஒன்பது நாட்கள் இருந்தன. நான் அந்தக் கடிதத்தை மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டு முடிவை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதம் அது. மொன்ட்ரியால் நகரின் வடகிழக்கே ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில் நான் தலைமை ஆடுகளப் பராமரிப்பாளராக இருந்தேன். கழகம் அமெரிக்கத் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் இரண்டாம் நிலையில் ஆடியது.

நான் விவசாயப் பட்டதாரி. இலங்கையில் விவசாயத் திணைக்களத்தில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியவன். கல்லூரியின் முதலாவது பதினொருவர் உதைபந்தாட்ட அணியிலும் ஆடியிருக்கிறேன். கனடாவுக்கு வந்த பின் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குப்பிகளைப் பெட்டிகளில் அடுக்கினேன். புல்தரைப் பராமரிப்பில் டிப்ளோமா பெற்றுக் கழகத்தில் சேர்ந்தபோதுதான் என் பட்டத்துக்கு இந்நாட்டில் முதன்முறையாக மரியாதை கிடைத்தது. இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. அந்த மரியாதையைக் காப்பதற்காக நான் என் பணியாளர் ஒருவருக்கு அநீதி செய்தேன். இத்துறைக்கு வரும் இளையோர் அதை அறிந்திருப்பது நல்லது.

2. மதிய உணவு நேரம்

அந்தப் பணியாளரின் பெயர் மரியதாசன். மன்னாரில் உழவு இயந்திரம் ஓட்டியவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். மொன்ட்ரியால்-நோரிலிருந்து காலை முதல் பேருந்தில் வந்துவிடுவார். கழகத்தின் ரீல் மோவரை, அதாவது உருளை அலகு கொண்ட புல்வெட்டும் இயந்திரத்தை, அவரைப்போல் நேராக ஓட்டியவரை நான் கண்டதில்லை. நுழைவுச்சீட்டுக் கணினிப் பிரிவில் கார்த்திக் என்ற சென்னை இளைஞர் இருந்தார். மூவரும் ஒரே மேசையில் உண்போம்.

கடிதம் வந்த அன்று பேச்சு இங்கிலாந்தைப் பற்றித்தான்.

"சார், நம்ம லீக் எல்லாம் ஒரு லீக்கா? கடைசி இடத்துல வந்தாலும் அடுத்த வருஷம் அதே இடத்துல ஆடலாம். ஃபெயிலே ஆகாத ஸ்கூல் சார் இது. அங்க பாருங்க, கடைசி மூணு டீமைக் கீழ தள்ளிடுவான்," என்றார் கார்த்திக்.

"தம்பி, உன்ர இங்கிலாந்துக்காரனை ஜனவரியில ஒருக்கா இஞ்ச வந்து ஆடச் சொல்லு. பந்தை விட்டிட்டு மண்வெட்டியைத் தேடுவான்," என்றார் மரியதாசன்.

"அண்ணே, ஜனவரில நீங்களே வெளிய வர மாட்டீங்க."

"வருவனடாப்பா. மூலைக் கடைக்கு, டெப்பனருக்குப், பால் வாங்கப் போக வேண்டாமோ?"

கார்த்திக் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார்."

"ஐரோப்பிய ஆட்டத்தில் பந்து ஓடுகிறது. அமெரிக்க ஆட்டத்தில் ஆள் ஓடுகிறான்," என்றேன். அந்த வாசகம் அலுவலகத்தில் பல நாட்கள் சுற்றியது.

அது வெறும் பேச்சல்ல. ஐரோப்பிய முதல்நிலை அணிகள் குட்டையான, ஈரமான புல்லைக் கேட்கும். அதில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், குறுகிய பாஸ்கள் பிசகாது. எங்கள் பயிற்றுநரோ புல் சற்று நீளமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்பார். ஓடி, மோதிப் பந்தைப் பறிப்பவர்களே அவரிடம் அதிகம். பந்து மெதுவாகப் போனால் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். ஓர் அணி எந்தத் தரத்தில் ஆடுகிறது என்பதை அது கேட்கும் புல்லின் உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று அப்போது நம்பினேன்.

3. வெட்டு

புல்தரைத் தொழிலில் மாணவனும் அறிந்த விதி ஒன்று உண்டு. ஒரு வெட்டில் புல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால் அடுத்த வெட்டுக்கு முன் அது தேற நாட்கள் கொடுக்க வேண்டும். கோடையில் எங்கள் புல் முப்பத்தெட்டு மில்லிமீற்றரில் நின்றது. கடிதம் வந்த மறுநாளிலிருந்து ஆறு நாட்கள் விடாமல் மழை. இயந்திரத்தைக் களத்தில் இறக்க முடியவில்லை. மழை விட்டபோது ஆட்டத்துக்கு இரண்டு நாட்களே இருந்தன. புல்லோ நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

அன்று காலை எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. அமெரிக்க முதல்நிலை லீக் கழகம் ஒன்றின் ஆடுகளப் பொறுப்பாளர் லின்டா. அவர்களுடைய அணி சில வாரங்களில் கிண்ணப் போட்டி ஒன்றுக்காக எங்களிடம் வரவிருந்ததால் களத்தைப் பற்றி விசாரித்தார். இங்கிலாந்துக் கடிதத்தைப் பற்றிச் சற்றுப் பெருமையுடன் சொன்னேன். அவர் சொன்ன மறுமொழியை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"இருபத்துநாலோ? ஜூலையிலயோ? அவையின்ர புல்லு ரை வகை, அவையின்ர வெயில் வேற. உங்களிட்டை நிக்கிறது கென்டக்கிப் புல்லு. முப்பதுக்குக் கீழ இறக்காதேங்கோ. காரணத்தைச் சொல்லி ஒரு கடிதம் போடுங்கோ, ஒத்துக்கொள்ளுவினம்."

நன்றி கூறி வைத்தேன். அமெரிக்கரிடம் உதைபந்தாட்டப் பாடம் கேட்கும் நிலை எனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறையில் நானே ஸ்பானரை எடுத்து அலகைக் கீழிறக்கினேன். அளவுச் சட்டத்தை வைத்து இரு பக்கமும் சரிபார்த்தேன். மரியதாசன் அருகில் நின்றார்.

"சேர், மண் தெரியும்."

"இன்று ஒரு வெட்டு, நாளை ஒரு வெட்டு. தாங்கும்."

"ரெண்டு நாளுக்குள்ள பாதியை எடுத்தா எப்பிடித் தாங்கும்?"

"கடிதம் வந்திருக்கிறது, மரியதாசன்."

"கடிதம் வந்தது புல்லுக்குத் தெரியாதே, சேர்." கையுறையை மாட்டிக்கொண்டு, "சரி, நீங்கள் சொன்னா வெட்டுறன்," என்று இயந்திரத்தில் ஏறினார்.

ஆட்டம் சிறப்பாக நடந்தது. நீர் தெளித்த களத்தில் பந்து ஓடிய வேகத்தை இன்றும் மறக்கவில்லை. விருந்தினர் அணியின் உபகரணப் பொறுப்பாளர் குனிந்து புல்லை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். "கம்பளம்!" என்று சொல்லி என் கையைக் குலுக்கினார். அடுத்த வாரம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் என்னை அறிமுகம் செய்தவர், இங்கிலாந்து மைதானத்தை மொன்ட்ரியாலில் விரித்தவர் என்றார். நான் மறுக்கவில்லை.

4. மஞ்சள்

கூட்டம் முடிந்த மறுநாள் கடும் வெயில் தொடங்கியது. நான்கு நாட்களில் வடக்குக் கோல் பகுதி மஞ்சளாயிற்று. ஐந்தாம் நாள் மைய வட்டம். அரங்கின் மேற்படியில் நின்று பார்த்தால் யாரோ சுடுதண்ணீர் ஊற்றியது போலிருந்தது.

செயற்பாட்டு இயக்குநர் பியேர் ஆற்றுக்கு அப்பாலுள்ள லொங்குய்யிலிருந்து வருபவர். வந்தவுடன் களத்தைத்தான் பார்ப்பார். என்னை அழைத்தார். அவர் பிரெஞ்சில் கேட்டதையும் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"மெசியூ நாதன், என்ன இது? அடுத்த ஆட்டத்துக்கு அமெரிக்கன்ர பெரிய லீக் அணி வருது. இதைப் பாத்தா ஆட மாட்டம் எண்டுவாங்கள். ஆர் வெட்டினது?"

பதிவேட்டைத் தருவதாகச் சொன்னேன். எங்கள் வெட்டுப் பதிவேட்டில் அப்போது நாள், உயரம், இயக்கியவர் என்று மூன்று நிரல்கள் மட்டுமே இருந்தன. இயக்கியவர் மரியதாசன் என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அதன் கீழே, அலகின் உயரம் பிழையாக அமைந்திருந்தது என்று ஒரு குறிப்பைச் சேர்த்துக் கையெழுத்திட்டேன். அமைத்தவர் யார் என்பதை எழுதவில்லை. அதைப் படிப்பவர் மேலேயுள்ள பெயரையே பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

பியேர் அப்படித்தான் பார்த்தார். மரியதாசனை இயந்திரத்திலிருந்து இறக்கி இருக்கை துடைக்கும் வேலைக்கு மாற்றினார். மரியதாசனுடையது பருவகால ஒப்பந்தம். அடுத்த ஆண்டு அவரை அழைப்பது நிச்சயமில்லை என்றும் என்னிடம் சொன்னார்.

அன்று மாலை மரியதாசன் என் அறை வாசலில் நின்றார்.

"சேர், என்னைக் கதிரை துடைக்க விட்டிருக்கினம். என்ன பிழை விட்டனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"விசாரிக்கிறேன்."

"அவசரமில்லை. பேந்து சொல்லுங்கோ."

நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருந்தது? மதிய உணவை அறையிலேயே உண்ணத் தொடங்கினேன்.

5. லின்டா

கிண்ண ஆட்டத்துக்கு மூன்று நாட்கள் முன்பு களத்தைப் பார்த்து ஒப்புதல் அளிக்க லின்டா நேரில் வந்தார். என் வயதை ஒத்தவர். முழந்தாளிட்டு, கத்தியால் ஒரு துண்டுப் புல்லை மண்ணோடு வெட்டியெடுத்துப் பிரித்துப் பார்த்தார். பின்னர் பதிவேட்டைக் கேட்டார். வாசித்துவிட்டு மூடினார்.

"இது தானா இறங்கின அலகு இல்லை, கடிதத்தில கேட்ட அதே இருபத்துநாலு. ஸ்பானர் போட்டு, அளவுச் சட்டம் வைச்சு, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இறக்கினது. ஆரோ யோசிச்சுத்தான் செய்திருக்கினம்."

நான் பதிவேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையிலிருந்த புல்லைக் காட்டினார்.

"வேர் சாகேல்லை. இங்கிலாந்து ரை எண்டால் திரும்ப விதைக்கோணும். கென்டக்கி மெல்லத்தான் வளரும். ஆனா மண்ணுக்குள்ளால தண்டு விட்டுத் தன்ர ஓட்டையைத் தானே மூடும். எங்கட லீக்கும் உப்பிடித்தான், மிஸ்டர் நாதன். எங்களிட்ட முந்தி ஒரு லீக் இருந்தது. ஐரோப்பாவில, தென்னமெரிக்காவில இருந்து பெரிய ஆக்களை ஒரேயடியாக் கொண்டுவந்தினம். கொஞ்சக் காலம் நல்ல பச்சை. பேந்து லீக்கே செத்துப் போச்சு. அதாலதான் இப்ப சம்பளத்துக்கு உச்சவரம்பு, ஒருத்தரும் கீழ் லீக்குக்குப் போறதில்லை. மந்தமான ஆட்டம் எண்டு சிரிக்கினம். மந்தம்தான். ஆனா உயிரோட இருக்கு."

"இப்போது ஒரு பெரிய நட்சத்திரத்துக்காக உச்சவரம்பை வளைத்திருக்கிறார்களே?" என்றேன்.

"ஓம். ஒரு அணிக்கு ஒராள். மெல்ல இறக்கினாத் தாங்கும்." அவர் எழுந்து முழந்தாளைத் தட்டிக்கொண்டார். "முப்பத்தஞ்சில விடுங்கோ. நான் கையெழுத்துப் போடுறன். உங்கட மெஷின்காரரோட ஒருக்காக் கதைக்கோணும். எங்கை ஆள்?"

மேற்குப் படிகளில், கையில் வாளியுடன், மரியதாசன் பதினைந்தாம் வரிசை இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அத்திசையைக் காட்டினேன். லின்டா அங்கே நெடுநேரம் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். தன் பையை எடுத்துக்கொண்டு படியேறி அவரிடம் போனார்.

6. நான்காவது நிரல்

அந்தப் பார்வைக்குப் பிறகு நான் என் அறைக்குப் போகவில்லை. நேரே பியேரிடம் போனேன். அலகை அமைத்தவன் நான், ஆணையிட்டவனும் நான், ஓட்டியவர் எச்சரித்தார், லின்டாவும் எச்சரித்தார் என்று நான்கு வாக்கியங்களில் சொன்னேன்.

"களத்துக்குத்தான் கையெழுத்துக் கிடைச்சிட்டுதே. இப்ப ஏன் சொல்லுறீங்கள்?"

"பதிவேடு பிழையாக இருக்கிறது."

அவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. முப்பதாண்டுக்கு மேற்பட்ட உத்தியோகத்தில், இரு நாடுகளிலும், அது ஒன்றே. பிரதி என்னிடம் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்த அறிமுகத்தையும் திருத்தினேன்.

பியேரிடம் போன மறுநாள் காலை பட்டறையில் மரியதாசனிடமும் சொன்னேன்.

"தெரியும், சேர்."

"எப்படி?"

"ஸ்பானரைப் பிடிச்சது நீங்கள். நான் பக்கத்தில நிண்டனான். எனக்குத் தெரியாதே?"

"பிறகு ஏன் இயக்குநரிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். கொஞ்சம் நாள் எடுத்துப்போட்டியள்."

நான் இயந்திரத்தின் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

கிண்ண ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல் களத்தை நடந்து பார்த்தேன். இங்கிலாந்து அணி ஆடிய பின் தேய்வு மையத்தில்தான் இருந்தது, சிறிய, நெருக்கமான கீறல்களாக. இந்த அமெரிக்க அணி ஆடிய பின் இரு ஓரங்களிலும் நீண்ட வழுக்கல் தடங்கள், கோல் பகுதியில் பெயர்ந்த கட்டிகள். கார்த்திக் பின்னால் வந்து, "இப்போ சொல்லுங்க சார், எது பெஸ்ட்?" என்றார்.

"சிறந்த ஆட்டம் இங்கிலாந்தினுடையது. அதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய அளவை இந்த மண்ணில் ஒரே நாளில் இறக்கக் கூடாது," என்றேன். முன்னையதைப்போல் அந்த வாசகம் அலுவலகத்தில் சுற்றவில்லை.

நான் கற்றதை மேற்பார்வையாளராக வரவிருப்போருக்குச் சொல்கிறேன். வேலை கெட்டால் செய்தவரின் பெயர் தானாகவே ஏட்டில் இருக்கும். செய்யச் சொன்னவரின் பெயரை நீங்களாகத்தான் எழுத வேண்டும். வேலை தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். பின்னர் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன்.

கிண்ண ஆட்டத்துக்கு மறுநாள் பதிவேட்டில் நான்காவது நிரல் ஒன்றை அடிமட்டம் வைத்துக் கோடிட்டேன். உயரம் முப்பத்தைந்து. இயக்கியவர் மரியதாசன். ஆணையிட்டவர் என்ற புதிய நிரலில் என் முழுப் பெயரையும் பட்டத்தோடு எழுதினேன். மரியதாசன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நல்லது, சேர். இனிப் புல்லுக் காய்ஞ்சா உங்கட பட்டமும் சேர்ந்து காயும்," என்று சொல்லி இயந்திரத்தை முடுக்கினார்.