டேலி ஆன கணக்கும் தொலைந்த வீட்டுக்காரரும்

போன வாரம் என் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன்.

பதறாதீர்கள். கிடைத்துவிட்டார்! இதோ, இதை நான் எழுதும்போது பக்கத்து அறையில் டி.வி.யை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மற்ற நாளாக இருந்தால் 'கொஞ்சம் சவுண்டைக் குறைங்களேன்' என்று நானும் அலறியிருப்பேன். இந்த வாரம் வாயே திறக்கவில்லை. அலறட்டும், நன்றாக அலறட்டும் என்றிருக்கிறது.

சரி, எங்கே தொலைத்தேன்? திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் என்றால்கூடப் பரவாயில்லை, மைக்கில் அறிவிக்கச் சொல்லலாம். நான் தொலைத்தது பாலிக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தீவில்... அதுவும் கடலுக்குள்!

எங்களுக்குத் திருப்பூர் மண்ணரையில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் இருக்கிறது. தையல் நூல் கொடுக்கிற ஏஜென்சிக்காரர் அவ்வப்போது தன் வாடிக்கையாளர்களைக் குடும்பத்தோடு டூர் அனுப்புவார். இதுவரை மூணாறு, கோவா என்று போனது, இந்த முறை பாலி என்றார். ஏழு யூனிட்காரர்கள், அவரவர் மனைவிகள் என்று கிளம்பிவிட்டோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டமாக எங்கே கிளம்பினாலும் முதலில் நடப்பது என்ன? டிக்கெட் புக்கிங்கா? பாஸ்போர்ட் தேடுவதா? அதெல்லாம் அப்புறம். முதலில் டீசர்ட்! எல்லோருக்கும் ஒரே கலரில், நெஞ்சில் ஏதாவது ஒரு வாசகத்தோடு. அந்தப் பொறுப்பைக் கதிர்வேல் எடுத்துக்கொண்டார். அவரும் யூனிட்காரர்தான், திருப்பூர் ராயபுரத்தில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், என்னை அக்கா என்பார். கண் கூசுகிற ஆரஞ்சில் அடித்துவிட்டார். ஆண்களுக்கும் அதுதான், சுடிதார் பேன்ட்டுக்கு மேல் எங்களுக்கும் அதுதான்.

கூடவே எக்ஸ்ட்ரா பீஸ். ஆர்டர் எத்தனையோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்டினால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வரும். நடுவில் டேமேஜ் வந்தால் சமாளிக்க வேண்டுமே! டூருக்குப் போகிற டீசர்ட்டில் என்ன டேமேஜ் வரப்போகிறது என்று கேட்காதீர்கள். கை பழகிவிட்டது.

அவர் தொலைந்த அன்றைக்குப் புரோகிராம் இதுதான். காலையில் படகில் போய் ஸ்நார்கெலிங். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, கடலில் குப்புற மிதந்து மீன் பார்ப்பது. பிறகு தீவில் இறங்கி ஏ.டி.வி. ரைடு. நாலு குண்டுச் சக்கரம் வைத்த பைக்கில் காட்டுக்குள்ளே, சேற்றுக்குள்ளே, மேட்டில் ஏறி இறங்குவது. ஒரு வண்டிக்கு இரண்டு பேர்.

படகில் ஏறியதும் கதிர்வேல் செய்த முதல் காரியம், படகுக்காரப் பெரியவரின் பனியனைத் தோள்பட்டையில் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்ததுதான். முன்பின் தெரியாதவரின் துணியைத் தொட்டுப் பார்ப்பது தப்பு என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது.

"நைஞ்சு போச்சுங்க பாவம்..." என்றபடி பையிலிருந்து ஒரு எக்ஸ்ட்ரா பீஸை எடுத்து நீட்டினார். பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே மாற்றிக்கொண்டார். நாங்கள் கைதட்டினோம். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

என் வீட்டுக்காரர் கடலில் இறங்குவதற்கு முன் தன் மூக்குக் கண்ணாடியையும் போனையும் என் கைப்பையில் போட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்பது ஆளா, கம்பமா என்று தெரியாது. நீச்சலும் அரைகுறை. டீசர்ட்டுக்கு மேல் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்ற தைரியத்தில் குதித்தார். கொஞ்ச நேரத்தில் படகோரம் வந்து தலையைத் தூக்கினார்.

"அம்மிணி, மீனுக என்ன கலருங்கறே! இந்த ஷேடெல்லாம் நம்மூரு டையிங்ல சத்தியமா வராது!"

அதுதான் அவர் குரலைக் கடைசியாக நான் கேட்டது. எனக்குப் படகு ஆடிய ஆட்டத்தில் தலை சுற்றி, கதிர்வேலின் மனைவி சுமதியின் மடியில் படுத்துவிட்டேன். கையில் ஒரு எலுமிச்சம்பழம், கண் இறுக்க மூடியிருந்தது.

எல்லோரும் ஏறிவிட்டதாகத்தான் நினைத்தோம். பெண்கள் பின்னால் கூரைக்கடியில், ஆண்கள் முன்னால் வெயிலில். எந்த நாட்டுக்குப் போனால் என்ன, எங்கள் கூட்டம் கல்யாணப் பந்தல் மாதிரி தானாகப் பிரிந்துவிடும். கைடு கொமாங் நல்ல பையன், இங்கிலீஷ் பேசுவான். இன்ஜினைப் பிடித்துக்கொண்டு, "எவ்ரிபடி ஓகே?" என்று கேட்டான். கதிர்வேல் நடுவில் நின்று, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகுகளை எண்ணினார். பேக்கிங் டேபிளில் எண்ணுகிற அதே வேகம்.

"என்னையச் சேத்து ஏழு பீஸ். டேலி! போலாங்க!"

அந்தக் குரல் என் காதில் விழுந்தது. நிம்மதியாக மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

கரையில் இரண்டு ஜீப் நின்றது. பெண்கள் ஒன்றில், ஆண்கள் ஒன்றில். ஏ.டி.வி. ஷெட்டுக்குப் போனோம். ஜோடி ஜோடியாக ஹெல்மெட் கொடுத்தார்கள். என் கையில் இரண்டு ஹெல்மெட்டோடு நான் நின்றேன்... நின்றுகொண்டே இருந்தேன்.

"கதிரு, அவரு எங்கீங்க?"

"உங்க ஜீப்புல வரலீங்களா அக்கா? உங்களுக்கு மேலுக்கு முடியலன்னு கூட ஏறியிருப்பாருன்னுல்ல நெனச்சோம்!"

"எங்க ஜீப்புல ஆம்பளைகளே இல்லீங்களே..."

"அதெப்படிங்க அக்கா? நான் எண்ணுனனே! ஏழு பீஸ், டேலி ஆச்சே..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். "ஐயோ... முன்னால உக்காந்திருந்தது அந்தப் படகுக்காரரு... அவருக்கும் நாம டீசர்ட்டு குடுத்துப்போட்டமே..."

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

கொமாங் போனைக் காதில் வைத்துக்கொண்டு கீழே கரையை நோக்கி ஓடினான். ஷெட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து கடல் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நீலமும் பச்சையுமாகப் பளபளவென்று கிடந்தது. காலையில் ஆளுக்கு நூறு போட்டோ எடுத்தோமே, அதே கடல். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மீன் பார்க்க வந்து நின்ற அத்தனை படகில் எது எங்கள் படகு என்று கண்ணாடி இல்லாத மனுஷனுக்கு எப்படித் தெரியும்? 'ஏனுங்க... ஏனுங்க...' என்று நாங்கள் போன பிறகு கூப்பிட்டிருப்பாரோ? வாயில் குழாய் இருந்தால் கூப்பிடக்கூட முடியாதே!

கைப்பை அதிர்ந்தது. அவருடைய போன். கோயமுத்தூரில் படிக்கிற எங்கள் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். 'அப்பா, பைக் ஓட்டற வீடியோ அனுப்புங்க. அம்மா கத்துறதும் கேக்கணும்!'

நான் என்ன பதில் அனுப்புவேன்? வேண்டாத தெய்வம் இல்லை. எங்கள் குலதெய்வத்தில் ஆரம்பித்து, வழியில் பூவும் குடையும் வைத்திருந்த அந்த ஊர்ச் சாமி வரைக்கும், பெயர் தெரியாமலே கும்பிட்டுவிட்டேன்.

இந்த அமர்க்களத்தில் ஷெட்டில் ஹெல்மெட் கொடுக்கிற ஆள் எங்களிடம் ஏதோ சொல்ல வந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, எங்களுக்கு அவர் பாஷை வராது. கதிர்வேலின் டீசர்ட்டைப் பிடித்து இழுத்தார். ஒரு விரலைக் காட்டினார். மறுபடி டீசர்ட்டை இழுத்தார். காட்டுப் பக்கம் கையை நீட்டினார். திரும்பவும் ஒரு விரல்.

கதிர்வேலுக்கு அழுகையோடு கோபமும் வந்துவிட்டது.

"ஆளக் காணாம உசுரு போகுது... உங்களுக்கு டீசர்ட்டு கேக்குதுங்களா?"

சொன்னாரே தவிர, மனசு கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பையைத் திறந்து மிச்சமிருந்த எக்ஸ்ட்ரா பீஸை எடுத்து அவர் கையில் வைத்தார். அந்த மனுஷன் டீசர்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். வரிசையாக ஏழெட்டு ஏ.டி.வி. வெளியே வந்தன. எல்லாம் வெள்ளைக்காரர்கள். தலை முதல் கால் வரை சேறு. கடைசி வண்டியை ஓட்டி வந்தவர் தாடி வைத்த ஒரு பெரிய உருவம். அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு சின்ன உருவம். அதுவும் சேறுதான். வண்டி நின்றது. சின்ன உருவம் தட்டுத் தடுமாறி இறங்கியது. நேராக சுமதியிடம் போய்க் கையை நீட்டியது.

"அம்மிணி, என்ற கண்ணாடியக் குடு மொதல்ல!"

சுமதி அலறிவிட்டாள். நான் ஓடினேன்.

உண்மையைச் சொல்கிறேன். அவரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது! கையிலிருந்த ஹெல்மெட்டாலேயே தோளில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அவர் சேற்றை வழித்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டு என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் அழுகறே? ஆராச்சும் விழுந்துட்டாங்களா?"

"நான் இங்க செத்துப் பொழைக்கறேன்... நீங்க பைக்கு ஓட்டிட்டு வர்றீங்களா?"

"நான் எங்க ஓட்டுனேன்? பின்னால உக்காந்துதான வந்தேன்!"

நடந்தது இதுதான். நீரோட்டம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பயந்துபோய்த் தலையைத் தூக்கியவருக்கு எதிரே மங்கலாக ஆரஞ்சாகத் தெரிந்திருக்கிறது. நம்ம டீசர்ட்தான் என்று தட்டுத் தடுமாறி ஏறிவிட்டார். அது வேறு படகில் வந்தவர்கள் மாட்டியிருந்த லைஃப் ஜாக்கெட்! படகு கிளம்பிய பிறகுதான் சுற்றிலும் பாஷை வேறாக இருப்பது புரிந்திருக்கிறது. அவர்களும் அதே தீவு, அதே ஷெட்தானாம். எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் வருகிற வரை என்ன செய்வது என்று நின்றவரை, தாடிக்காரர் 'கம், கம்' என்று பின்னால் ஏற்றிக்கொண்டாராம். அதைத்தான் அந்த ஹெல்மெட்காரர் எங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறார். உங்கள் டீசர்ட் போட்ட ஒருத்தர் உள்ளே போயிருக்கிறார் என்று... நாங்கள் டீசர்ட்டைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டோம்.

நான் தேடியது கடலில். அவர் எனக்கு முன்னாலேயே காட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்!

மகளுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். சேறு படிந்த அப்பா, கண் வீங்கிய அம்மா. 'ரெண்டு பேரும் விழுந்துட்டீங்களா?' என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சிலதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

கதிர்வேல் மட்டும் அன்று முழுக்க சரியாகச் சாப்பிடவில்லை. "என்ற எண்ணிக்கை தப்பவே தப்பாதுங்க அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் எண்ணிக்கை தப்பவில்லைதான். ஏழு என்றார், ஏழு இருந்தது. ஊருக்கு வந்த பிறகும் எனக்கு இதே நினைப்பு. காலையில் யூனிட்டுக்குப் போன் போட்டால் நாங்கள் என்ன கேட்கிறோம்? 'எத்தனை டைலர் வந்திருக்காங்க?' யார் வந்திருக்கிறார்கள், யாரைக் காணோம் என்றா கேட்கிறோம்? சாமளாபுரம் பக்கமிருந்து ஆட்களை ஏற்றி வருகிற வேன் டிரைவர் 'வேன் ஃபுல்லுங்க' என்றால் திருப்தியாகிவிடுகிறோம். எண்ணிக்கை டேலி ஆனால் கண்ணை மூடிக்கொள்ள எனக்கும்தானே பழகியிருந்தது? எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்திருந்தவள் ஒரு தடவை எழுந்து முகத்தைப் பார்த்திருக்கலாம். சரி, கிடைத்துவிட்டார். அதற்கு மேல் என்னை நானே திட்டிக்கொள்கிற எண்ணமில்லை!

அன்றைக்கு எல்லாம் அடங்கி, கொமாங்கும் கரையிலிருந்து திரும்பிய பிறகு, எங்களுக்கென்று ஒதுக்கிய ஏ.டி.வி. ஷெட்டில் சும்மா நின்றது.

"வந்தது வந்துட்டம், ஒரு ரவுண்டு போலாம் வா அம்மிணி" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வண்டியும் வேண்டாம், காடும் வேண்டாம், ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் போதும் என்றிருந்தது. ஆனாலும் ஏறினேன். திருப்பூரில் அவர் பைக்கில் நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து பின்கம்பியைத்தான் பிடித்துக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் அவர் தோளில்கூடக் கை வைத்ததில்லை. நாலு பேர் பார்ப்பார்களே! அன்று அந்த நாலு பேரும் எதிரிலேயே நின்றார்கள். நான் இரண்டு கையாலும் அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் சேறு தெறித்தது. முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன், விடவே இல்லை.

பள்ளத்துக்குப் பயந்து பிடித்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும்.