பூஜ்யமான ஒரு பறை

எனக்கு வேலை கோபோல். கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிற பழைய மொழி. செத்துப்போச்சுன்னு வருஷக்கணக்கா எல்லாரும் அதுக்கு ஒப்பாரி வைக்காங்க. அது பாட்டுக்கு எனக்குச் சோறு போட்டுட்டு இருக்கு. கொல்லயில்ங்கிற எங்க ஊர்ல, வீட்டு மாடியில இருந்தே ஏதோ வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியோட நிரலுக்கு வைத்தியம் பாக்கேன். சன்னலைத் தொறந்தா வயல். எனக்கு ஒரு குறையும் இல்ல.

அன்னைக்கு எங்க ஊரு விவசாய சங்கத்துல விதைநெல்லு கொடுக்கிற நாள். பக்கத்து வீட்டுக்காரி வெறுஞ்சாக்கோட திரும்பி வாறதை சன்னல் வழியாப் பாத்தேன். கடப்புறத்துல இருந்து வந்தவ. புருஷனுக்குக் கடலுக்குப் போக முடியாம ஆனபெறகு, முதல் தடவையா ஒரு துண்டு வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்திருக்கா. உழுது தண்ணியும் கட்டியாச்சு, விதைதான் பாக்கி. கீழ இறங்கிப் போய்க் கேட்டேன். ஒரு பறை விதை வேணும்னு எழுதிக் கொடுத்திருந்தாளாம்; பறைன்னா எங்க பக்கத்துல நெல்லு அளக்கிற பாத்திரம். கம்ப்யூட்டர்ல பூஜ்யம்னு இருக்காம்.

"நாங்க கடப்புறத்துக்காரங்க இல்லியா அக்கா. நிங்களுக்கு எல்லாம் பரம்பரை வயலு. எங்களுக்கு இல்லைன்னு நேராச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. ஏன்னா அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டர்ல அடிச்சது எங்க வீட்டுக்காரர். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவரு. சங்கத்துப் பொண்ணு பிரசவத்துக்குப் போனதால இந்தத் தடவை இவரு கீபோர்டு முன்னால உக்காந்தாரு. ஓரவஞ்சனை அறியாத மனுஷன். அப்போ பூஜ்யம் எங்கருந்து வந்துது? அவரையும் இழுத்துட்டு சங்கத்துக்கு நடந்தேன்.

அங்கயும் கோபோல்தான், எந்தக் காலத்திலயோ எவரோ எழுதினது. நாம '12'ன்னு அடிச்சா கம்ப்யூட்டருக்கு அது முதல்ல பன்னிரண்டு இல்ல, பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு எழுத்து. எழுத்தைக் கூட்ட முடியாது, எண்ணா மாத்தணும். மாத்த முடியாத எதையாவது கண்டா பூஜ்யம் போட்டுட்டுப் போயிட்டே இருன்னு அந்த மகராசன் எழுதி வெச்சிருந்தாரு. எச்சரிக்கை ஒண்ணும் கிடையாது. அவ பேருக்கு நேரே பாத்தா, எங்க வீட்டுக்காரர் ஆங்கில எழுத்துல 'லாபம்'னு அடிச்சு வெச்சிருக்காரு.

தலையில அடிச்சுக்கிட்டேன். நெல்லு அளக்கும்போது முதல் பறைக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னுதான் சொல்லுவோம், அடுத்தது ரெண்டு. களத்துல சரி. கீபோர்டிலயுமா? கேட்டா, விதைக் காரியமாக்கும், எப்படி ஒண்ணுன்னு போடுறதுன்னு என்னையே திருப்பிக் கேக்காரு. நல்லாத் திட்டிட்டு, லாபம்னு வந்தா ஒண்ணுன்னு எடுத்துக்கோன்னு நிரல்ல சேத்தேன். இவரைத் திருத்துறதை விட அது சுளுவு.

ஓட்டிப் பாத்தா, அவளுக்கு மட்டும் இல்ல, இன்னும் நாலு பேருக்குப் பூஜ்யம் ஒண்ணாச்சு. எல்லாரும் ஒரே ஒரு பறை கேட்ட சின்ன வயல்காரங்க. காலையில வந்தாங்களான்னு விதை அளக்கிறவர்கிட்ட கேட்டேன். வந்தாங்க, இல்லைன்னதும் சரின்னுட்டுப் போயிட்டாங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் அதுக்கு மேல எங்கிட்ட வாதாடல்ல. ஆட்டோவை விளிச்சு, விதையையும் பறையையும் ஏத்தினாரு.

முதல்ல பக்கத்து வீடு. விதையைக் கண்டதும் அவ முகத்தைப் பாக்கணுமே, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஊறப் போட்டுட்டு, மத்தவங்க வீட்டுக்கு வழி காட்டுறேன்னு அவளும் ஆட்டோவில ஏறினா.

கடைசி வீட்டுல ஒரு வயசானவரு. தப்பு என் மேலயாக்கும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. ஏன் ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டீங்கன்னும் கேட்டாரு.

"என்ன கேக்க? நமக்கு அவ்வளவுதான்னு நெனைச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன் அண்ணா" என்றாள் எங்க பக்கத்து வீட்டுக்காரி.

அவ அப்படி நெனைச்சது எங்க வீட்டுக்காரர் காதுல அப்பதான் விழுது. குனிஞ்சு பறையில விதையை நெறைச்சு, அந்தப் பெரியவரு சாக்குல கொட்டினாரு. பெறகு இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டாரு.