ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

பூதலூர்ப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் ஒப்பந்த முறையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் நடவுக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் பெண் நான். அங்கே இருந்தது யூனிக்ஸ் இயந்திரம். கருப்புத் திரை; எதைச் செய்வதென்றாலும் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஊருக்கு ஒரு கோப்பாகக் குத்தகைதாரர் பட்டியலை அதில் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவர் எனக்கு முன்பு இருந்த ஆபரேட்டர். பேராவூரணிக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அவர் வைத்த பெயர்களோடுதான் என் நாள் கழிந்தது. ஒரு கோப்பின் பெயர் சிறு கோட்டில் தொடங்கும். திறக்கச் சொன்னால், அந்தக் கோட்டைக் கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு விருப்பத்தேர்வே கிடையாது என்று இயந்திரம் மறுக்கும். பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா வந்தார். கணவர் இறந்த பிறகு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தவர். இவர் குத்தகைதாரரே இல்லை என்று நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருந்தார். விசாரணைக்குப் பதிவு நகல் வேண்டும். ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"உங்க பேரு இதுல இல்லைங்கம்மா."

"தாசில்தாரே எழுதினாருங்க. நான் கைநாட்டு வச்சேன். நல்லா பாரு பாப்பா."

பார்த்தேன். இல்லை. அடுத்த வாரம் மறுபடி வந்தார். மறுபடி இல்லையென்றேன். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அன்று மதியம் எல்லாக் கோப்புகளையும் வரிசையாகப் பட்டியலிட்டபோது அந்த ஊரின் பெயர் இரண்டு முறை வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கவே முடியாது என்றுதான் படித்திருந்தேன். எத்தனை முறை தட்டினாலும் நான் ஏற்கெனவே பார்த்த பட்டியலே திறந்தது. துணை வட்டாட்சியரிடம் போய்ச் சொன்னேன்.

"ரெண்டு இருந்தா ஒண்ண அழிச்சிடும்மா. இதுக்கெல்லாமா எங்கிட்ட வர்றது?"

"எது சரின்னு தெரியலைங்க சார்."

"மொதல்ல இருக்கறத வச்சுக்க."

நான் அழிக்கவில்லை. பேராவூரணிக்குப் போன் போட்டேன். முன்னவர் சிரித்தார். "பேர்ல என்னங்க இருக்கு, உள்ள இருக்கறதப் பாருங்க" என்று வைத்துவிட்டார். உள்ளே போகத்தானே வழியில்லை. மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று நாள் கையேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு டாலர் குறி போட்டுக் காட்டும் கட்டளை ஒன்று அதில் இருந்தது. போட்டேன். கோப்புப் பெயர்களின் வரிசையில், இரண்டு முறை வந்த அந்த ஊர்ப் பெயர்களில் ஒன்றின் கடைசி எழுத்தை ஒட்டிக் குறி வந்தது. இன்னொன்றில் குறி ஓரெழுத்து தள்ளி நின்றது. முன்னவர் கோப்பின் பெயரைத் தட்டி முடித்த பிறகு இடைவெளிப் பட்டையையும் ஒரு முறை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். பெயரை அந்த இடைவெளியோடு மேற்கோள் குறிக்குள் போட்டதும் கோப்பு திறந்தது. திருத்திய பட்டியல். பதினேழாவது வரியில் அந்த அம்மாவின் பெயர், புல எண், ஆறு மா.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இரண்டு முறை அவர் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொன்னது நான்.

ஒழுங்கான பெயரில் ஒரு பிரதி எடுத்து அச்சிட்டு, கையெழுத்தாகும்வரை துணை வட்டாட்சியர் அறை வாசலிலேயே நின்றேன். மறுநாள் அந்த அம்மா வந்து நகலை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு இல்லன்னியே, இப்ப எப்படி வந்துச்சு?"

"பேருக்குப் பின்னாடி ஒரு காலி இடம் இருந்துச்சுங்கம்மா. அதான் தெரியாமப் போச்சு."

"காலி இடமா?" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

விசாரணையில் அந்த நகலை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சம்பாவுக்கு அவரே நட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியின்றிப் புதிய கோப்பு உருவாக்கியதற்கு விளக்கம் கேட்டு. பிழைப்பு போய்விடக் கூடாதே என்று மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.