லாசர் வீட்டில் இல்லை

1989 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி இருபது நிமிடத்திற்கு, அதியமான்கோட்டையில் என் மகள் வீட்டுக்கு எதிரே உள்ள மளிகைக் கடைக்கு எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மறுமுனையில் மரியபுஷ்பம் அம்மாளின் மகன் அந்தோணி. “ஐயா, அம்மா பூட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்ங்க” என்றார். இணைப்பு மிகத் தெளிவாக இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக இருந்தவனுக்குச் செய்திக்கு முன்னால் அதுதான் உறைத்தது என்பதை வெட்கத்துடன் குறிப்பிடுகிறேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்து இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவருடைய தட்டுவடையைத் தெரியும். பொம்மிடிக்கு அருகே நம் ஊரில், தம் வீட்டுப் பின்கட்டில் ஒன்பது பெண்களை வைத்துத் தட்டுவடை சுட்டு, தகர டின்களில் அடைத்து, ரயிலில் சேலத்துக் கடைகளுக்கு அனுப்பினார். எத்தனை டின் வேண்டும் என்று கடைக்காரர்கள் அஞ்சலட்டையில் எழுதுவார்கள். அட்டை தாமதமானால் உத்தேசமாகச் சுடுவார். மிஞ்சியது சிக்குவாடை அடித்துத் திரும்பி வரும். “கார்டு வந்து சேர்றதுக்குள்ள தட்டுவடைக்கு வயசாயிடுதுங்க” என்பார்.

ஆகவே தொலைபேசிக்கு விண்ணப்பித்தார். “எண்ணெய்ச் சட்டிக்கும் போனுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். 1981 ஜூன் 10, புதன்கிழமை அவர் வீட்டில் கருவி பொருத்தப்பட்டது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 1980 என்று அச்சாகியிருப்பது பிழை. அன்று முதல் புதன்தோறும் சேலத்திலிருந்து அழைப்பு வரும். வியாழன் காலை சரியான கணக்கில் சட்டி ஏறும். டின் திரும்பி வருவது நின்றது.

சில மாதங்களில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அக்காலத்தில் வெளியூர் அழைப்புகள் எங்கள் கை வழியாகவே சென்றன. இன்ன ஆளிடம்தான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பது பி.பி. அழைப்பு. அந்த ஆள் இல்லையென்றால் முழுக் கட்டணம் கிடையாது. சேலத்திலிருந்து வந்தவை எல்லாம் பி.பி. அழைப்புகள். ஒரு வாரம் லாசரைக் கேட்பார்கள், மறு வாரம் சவரியைக் கேட்பார்கள். நான் அவர் வீட்டுக்கு மணி அடித்துக் கேட்பேன். “லாசரு வூட்டுல இல்லீங்க” என்பார் அம்மாள். அந்த லாசர் ஒரு நாளும் வீடு தங்கவில்லை.

1982 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் திரும்பும் நேரம் பார்த்து வீட்டுக்குச் சென்றேன்.

“அம்மா, லாசர் என்பவர் யார்?”

“லாசருன்னா பத்து டின்னுங்க. சவரின்னா இருவது” என்றார், சற்றும் தயங்காமல். “உக்காருங்க ஐயா. தட்டுவடை சாப்பிடுங்க.”

“இது அரசாங்கத்தை ஏமாற்றுவது.”

“நான் எங்கீங்க ஏமாத்துனேன்? லாசரு வூட்டுல இல்லைன்னேன். மெய்யாலுமே இல்லீங்களே. வேணும்னா உள்ள போய்த் தேடிப் பாருங்க.”

பின்கட்டிலிருந்து பெண்கள் சிரித்தது கேட்டது. நான் தட்டுவடையைத் தொடவில்லை. இனி ஒருமுறை நடந்தால் மேலிடத்திற்கு எழுதுவேன் என்று எச்சரித்தேன். அவர் முகம் மாறியது. “எழுதாதீங்க ஐயா. போனு போச்சுன்னா ஒம்போது பேருக்கு வேலை போச்சு” என்றார். அன்றே கடைக்காரர்களுக்கு எழுதினார்: இனி நேராகப் பேசுங்கள், செலவில் பாதி என்னுடையது. சொன்ன வார்த்தையை அவர் மீறவே இல்லை. மீறியவன் வேறொருவன்.

1983 நவம்பர் 23, புதன்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். சேலத்திலிருந்து அழைப்பு: அம்மாள் வீட்டு எண், பி.பி., பெயர் லாசர். பழைய தந்திரம் மீண்டும் தலைதூக்கிவிட்டது என்று எனக்குச் சினம் மூண்டது. நான் மணி அடிக்கவில்லை. அம்மாளைக் கேட்கவில்லை. “ஆள் இல்லை” என்று சேலத்து இணைப்பாளரிடம் சொல்லிவிட்டு, பதிவேட்டில் “கேட்கப்பட்டது, ஆள் இல்லை” என்று எழுதினேன். அரை மணி கழித்து மீண்டும் அழைப்பு. மீண்டும் அதே பதில், அதே குறிப்பு.

டிசம்பர் இரண்டாம் வாரம், கட்டணம் செலுத்த வந்த அம்மாள் என் சன்னலருகே நின்றார். சேலத்தின் பெரிய கடை அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. கிறிஸ்துமஸுக்கு அறுபது டின் கேட்க இரண்டு முறை அழைத்தார்களாம். பழைய பெயர்க் குறிப்பில் அடங்காத எண்ணிக்கை. யார் எடுத்தாலும் பேசிவிடலாம் என்றுதான் இருந்தார்களாம். பழக்கத்தில் லாசர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் இல்லை என்றதும் வேறு ஊரில் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

“அன்னிக்குப் பூரா போன் பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன். மணியே அடிக்கல” என்றார். “கடைக்காரரு பொய் சொல்றாருங்க ஐயா. நீங்க இருக்கற ஆபீஸுல கேக்காமயே இல்லைன்னு சொல்லுவாங்களா?”

ரசீதில் தேதியைச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒன்பது பெண்கள் ஐந்து பேரானார்கள். வேலையிலிருந்து நின்றவர்களில் இருவர் செங்கல் சூளைக்குப் போனதை நான் அறிவேன். 1985 ஜனவரி 31 அன்று நான் ஓய்வு பெற்றபோது அம்மாள் ஒரு டின் தட்டுவடையுடன் வந்தார். “இப்ப சாப்பிடலாமுங்களே, சர்க்காரு ஆளு இல்லையே” என்றார். அருகில் இருந்தவர்களிடம், “ஐயா ஒருத்தரு கண்டிச்சாருன்னுதான் நான் நேர் வழிக்கு வந்தேன்” என்றும் சொன்னார். அன்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் இருந்தன. மகள் வீட்டிலிருந்து இரண்டு முறை பேருந்து ஏறிப் போனேன். இரண்டு முறையும் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 15, அடக்கம் முடிந்து அவர் வீட்டில் அமர்ந்திருந்தோம். கூடத்தில் தொலைபேசி அடித்தது. எங்கள் நிலையம் தானியங்கியாகிவிட்டது. இப்போது நடுவில் ஆள் கிடையாது. அந்தோணி வாசலில் இருந்தார். யாரும் எழாததால் நான் எடுத்தேன்.

“சேலத்துலேருந்து பேசறேனுங்க. அக்கா இருக்காங்களா?”

அன்று புதன்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “இல்லைங்க” என்றேன். “எப்ப வருவாங்க?” என்றார் கடைக்காரர். விவரத்தைச் சொன்னேன். “அப்ப... தட்டுவடை?” என்று தயங்கினார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, “இருங்க, கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். பின்கட்டுக்குப் போனேன். ஐந்து பெண்களும் அங்கே தரையில் அமர்ந்திருந்தார்கள். கேட்டேன். மூத்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த வாரத்துலேருந்து போடுவோமுன்னு சொல்லுங்க” என்றார். திரும்பி வந்து அப்படியே சொன்னேன். பதினைந்து டின். தேதியும் நேரமும் இட்டு எழுதி அந்தோணியிடம் கொடுத்தேன்.

அம்மாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, ஓய்வு பெற்ற நாளில் அவர் கொடுத்த அந்த டின். மற்றொன்று, மணியே அடிக்காத தொலைபேசியின் பக்கத்தில் அவர் அமர்ந்திருந்த ஒரு புதன்கிழமை மாலை.